மாரியப்பன் வண்டியின் பெட்ரோல் குழாய்

நேற்று ஈப்போவில் பஞ்சர் ஒட்டும் கடையில் பசை டின்னைத் திறந்தார்கள். பெட்ரோலில் கரைந்த ரப்பரின் வாசம். எழுந்து வெளியே வந்துவிட்டேன். காரணம் சொன்னால் என்மீது உங்களுக்கு இருக்கும் மதிப்பு குறையும். குறையட்டும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த நாலைந்து பேருக்கும் நான்தான் மெக்கானிக். ஒரு பட்டறையில் ஆறு மாதம் எடுபிடியாக இருந்ததுதான் என் படிப்பு. ஆனாலும் பிளக்கைத் தேய்த்து மாட்டி, காதைச் சாய்த்துக்கொண்டு கார்பரேட்டர் திருகை அரைச் சுற்று விடும்போது, நாடி பிடிக்கிற டாக்டர் தோரணை வந்துவிடும்.

தோட்டத்தில் எது ஒழுகினாலும் ரப்பர் பால்தான் மருந்து. பந்து, வாளி, செருப்பு எதுவானாலும் பாலைப் பூசி வெயிலில் காயவைப்போம். கூட்டாளி மாரியப்பனின் வண்டியில் பெட்ரோல் குழாய் கசிந்தபோதும் உள்ளும் புறமும் பாலை ஊற்றிக் காயவைத்து மாட்டினேன்.

"புதுசு வாங்கிரலாமா மச்சான்?"

"சும்மா இருலா. இது ஒன் ஆயுசுக்கும் தாங்கும்."

அடுத்த வாரம் காலையில் பாலெடுக்க மரம் வெட்டிக்கொண்டிருந்தவனை நாகம் கடித்தது. அவன் வண்டியிலேயே அவனைப் பின்னால் உட்காரவைத்து, என் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். மூன்றாவது மைலில் இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் நின்றது. பிளக்கைக் கழற்றினேன். பொறி நன்றாக வந்தது. உதைத்தேன், உதைத்தேன்.

மாரியப்பனுக்கு நாக்கு குழறியது. "கொழாயப் பாத்தியா மச்சான்?"

"அது நான் செஞ்சது. அதுல கோளாறு வராது."

மறுபடியும் பிளக்கையே துடைத்தேன். அரைமணி கழித்துத் தோட்டத்து லாரி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் உயிர் போயிருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் கார்பரேட்டரைப் பிரித்தேன். பெட்ரோல் போகிற ஊசித் துளையில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று அடைத்திருந்தது ரப்பர். பெட்ரோலில் ரப்பர் கரையும் என்பது எனக்குத் தெரியாததா? அப்படிக் கரைத்த பசையைத் தொட்டுத்தானே நூறு பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். குழாயை ஆற்றில் எறிந்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு கோழையாக இருந்தேன் என்று எழுதவே கூசுகிறது.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. பால்மரங்களை வெட்டி வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். சொல்லிவிடுவதென்று போன வருஷம் அவன் மனைவி சரோஜாவைத் தேடிக் கமுந்திங் போனேன். அவள் இறந்து மூன்று வருஷமாம். மகன் நாற்காலி இழுத்துப் போட்டான்.

"எங்கப்பாவக் காப்பாத்தப் பாடுபட்டவரு நீங்கதானா? அம்மா கடைசிவரைக்கும் ஒங்களத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

காப்பி கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன்.