பூனைக்காக அடித்த வலை

எங்கள் மாடி வீட்டுத் தச்சர் ஊர் வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்வார். சொந்த வீட்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க மட்டும் பதினோரு வருஷமாக நேரமில்லை. கேட்டுக் கேட்டு மனைவிக்குத் தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

மனுஷனுக்குத் திடீரென்று பூனை வளர்க்கும் ஆசை வந்தது. பூனைகளைத் தத்துக் கொடுக்கும் காப்பகத்து அம்மா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜன்னல்ல வலை இல்லைன்னா பூனை கீழே விழுந்துடும். வலை அடிங்க, தர்றோம்" என்றார். சாயங்காலத்துக்குள் நாலு ஜன்னலுக்கும் வலை ஏறிவிட்டது.

மறுநாள் பூனையோடு வந்த அந்த அம்மாவை மனைவி சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"இந்த அலமாரிக் கதவு ஆறு வருஷமா தொங்குது. பூனைக்கு ஆபத்துன்னு அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."