எட்டாயிரம் டாலர் யாருடையது?

“கணக்கில் புதிதாகச் சேர்ந்த எட்டாயிரம் டாலர் யாருடையது?” என்று வங்கி கேட்ட கடிதத்தின் தேதி 1999 மார்ச் 8. கடன் ஆலோசனை நிலையத்தின் திட்டப்படி நான்கு ஆண்டுகள் தவணை கட்டி, கிரெடிட் கார்டு கடன்களை முழுவதும் அடைத்த பிறகு, ஐசலின் என்ற ஊரில் வீடு வாங்கக் கடன் கேட்டிருந்தோம். இருப்பு கூடுதலாகத் தெரியட்டும் என்று அந்தப் பணத்தைப் போட்டவர் நண்பர் சேகர்.

“இங்க வர்றதுக்கு விசா வாங்கறப்போ இப்படித்தானே அடுத்தவங்க பணத்தப் போட்டு பேலன்ஸ் காட்டினோம்? கிஃப்ட்னு எழுதிக் குடுத்துடு, யாரு செக் பண்ணப் போறா?” என்றார்.

“நாலு வருஷம் பட்டது போதும். உள்ளத அப்படியே எழுதுங்க,” என்றாள் மனைவி.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடந்ததை எழுதி அனுப்பினேன். பதினோரு நாள் பதில் இல்லை. மறுத்தால் வீட்டுக்குக் கொடுத்த முன்பணமும் போய்விடும். பன்னிரண்டாம் நாள் கடன் கிடைத்தது.

இப்போது அடுத்தவர் பணத்தை ஒரு நாள்கூட என் கணக்கில் வைப்பதில்லை. என் கடிதத்தை அங்கே யாராவது படித்தார்களா என்பது மட்டும் இன்றுவரை உறுதியாகவில்லை.