வில்லங்கம் என்று பெயர் வைத்த வீடு

அன்று காலை எங்கள் பயண முகவர் கடையை நான்தான் திறந்தேன். கனடாவில், எங்கள் மில்லிக்கனில், அந்த வாரம் முதல் பனி விழுந்திருந்தது. கோட்டைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. என்னோடு வேலை செய்யும் யோகா அக்காவுக்கு மல்வேர்னில் பக்கத்து வீட்டு அன்ரி பேசினார். “பிள்ளை, யோகா இனி வரமாட்டா,” என்றார். “இண்டைக்கு வரமாட்டா” என்றுதான் என் காதில் விழுந்தது. “சரி அன்ரி, நேசன் அண்ணைக்குச் சொல்லுறன்,” என்று வைத்துவிட்டு, அக்காவின் மேசையில் கிடந்த வேலைகளை என் மேசைக்கு எடுத்து வைத்தேன். சற்று நேரத்தில் மறுபடியும் அடித்தது. “நீர் விளங்கிக்கொள்ளேல்லை போல,” என்று தொடங்கிய அன்ரி, அழுதழுது சொன்னார். மூளையில் இரத்தம் கசிந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு யோகா அக்கா விமான ரிக்கற் எழுதியிருப்பார். ஊருக்குப் போகும்போதும் இலண்டனில் கலியாணத்துக்குப் போகும்போதும் அவர் முன்னால் அமர்ந்து நேரத்தையும் விமானத்தையும் பற்றிச் சண்டை பிடித்திருப்பீர்கள். நீங்கள் இறங்கிய மறுநாள், நீங்கள் தங்கிய வீட்டுத் தொலைபேசி அடித்திருக்கும். “யோகா கதைக்கிறன். போய்ச் சேர்ந்திட்டீங்களோ?” அவ்வளவுதான் கேட்பார். வேறு எந்த முகவரும் அப்படிக் கேட்பதை நான் அறியேன். ஒரு முறை ஸ்காபரோ ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்து முறையிட்டார். “தங்கச்சி, எனக்கு எழுபது வயசு. விடிய எழும்பினவுடனை ஒரு பொம்பிளை ‘போய்ச் சேர்ந்திட்டீங்களோ’ எண்டு கேட்டால் நான் என்ன நினைக்கிறது?” கடையே சிரித்தது. யோகா அக்கா சிரிக்கவில்லை. “ரிக்கற் குடுக்கிறது வேலை இல்லை மாஸ்ரர். போய்ச் சேர்ந்தவையோ எண்டு கேக்கிறதுதான் வேலை,” என்றார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எவரையும் இத்தாலி வழியாக அனுப்பமாட்டார். ரோமில் விமானம் மாறினால் மலிவு என்று யார் சொன்னாலும், காத்திருக்கும் நேரம் கூட, பெட்டி தொலையும் என்று ஏதாவது சொல்லி வேறு வழியில் அனுப்பிவிடுவார். “இத்தாலிக்காரன் உமக்கு என்ன செய்தவன், யோகா? பெண் பார்த்திட்டு வேண்டாமெண்டு போட்டானோ?” என்று முதலாளி நேசன் அண்ணை கேட்பார். “அவன் வேண்டாமெண்டிருந்தால் பிழைச்சான்,” என்று சொல்லிவிட்டு அக்கா கணினித் திரைக்குத் திரும்பிவிடுவார். நான் அதைப் பகிடி என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், யூனியன்வில்லில் இருந்து ஒரு தம்பதி ஒரு விளம்பரப் புத்தகத்தோடு வந்தார்கள். வட இத்தாலியில் ஓர் ஏரிக்கரை. பிரபு குடும்பம் ஒன்றின் பழைய மாளிகை, பல காலம் பாழடைந்து கிடந்து, இப்போது திருத்தப்பட்டு ஆடம்பர ஹோட்டலாகியிருந்தது. “எங்கட இருபத்தைஞ்சாவது கலியாண நாள், யோகா. ஒருக்கா ராசா ராணி மாதிரி இருந்திட்டு வருவம் எண்டு பார்க்கிறம்,” என்றார் மனைவி. “ராணி ஆர் எண்டு தெரியும். ராசாவைத்தான் இன்னும் தேடுறம்,” என்றார் கணவர். அக்கா பக்கங்களைப் புரட்டினார். மண்டபக் கூரையின் படம் ஒன்றில் அவர் கை நின்றது. கையில் மாதுளம்பழம் ஏந்திய ஒரு பெண்ணை அங்கே தீட்டியிருந்தார்கள். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உந்த வீட்டிலை சரியான குளிர், தங்கச்சி,” என்றார்.

“ஹோட்டல் யோகா. ஹீற்றர் இருக்கும்தானே.”

“ஓம். இப்ப இருக்கும்.”

அவர்களுக்கு வேறொரு நாட்டில் கடற்கரை ஹோட்டல் ஒன்றைப் பதிந்து அனுப்பினார். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் கடையின் பின்னறையில் சாப்பிடும்போது கேட்காமலே சொன்னார். அவரையும் தம்பி சுதனையும் கனடாவுக்கு அனுப்புவதாகப் பொறுப்பெடுத்தவர்கள், கடவுச்சீட்டு வரும்வரை அவர்களையும் வேறு சிலரையும் அந்த மாளிகையில்தான் ஒளித்து வைத்திருந்தார்கள். அப்போது அது பாழ்வீடு. கூரை ஓவியம் முழுக்க உதிர்ந்து, பழம் ஏந்திய கை மட்டும் மிஞ்சியிருந்ததாம். “அந்தக் கைக்கு இப்ப ஒரு மனிசி முளைச்சிருக்கிறா,” என்றார். வாகனச் சாரதி அந்த வீட்டைக் காட்டி “வில்லா, வில்லா” என்றபோது, சுதன், “வில்லா இல்லை அக்கா, வில்லங்கம்,” என்றானாம். அன்றிலிருந்து உள்ளே இருந்த எல்லோருக்கும் அந்த வீட்டின் பெயர் வில்லங்கம். “இண்டைக்கு வில்லங்கத்திலை என்ன சாப்பாடு?” “பாணும் பழைய பாணும்.” அந்த வீட்டில் இருந்தவர்களைத் தவிர வேறு எவருக்கும் இந்தப் பெயர் தெரியாது என்று அக்கா சொன்னார். அதுவரை எனக்கும் தெரியாது.

ஒரு பின்னேரம், அவர்களைக் காவல் காத்த தமிழன் ஒருவன் சுதனை நிலவறையில் விறகு எடுக்கக் கூப்பிட்டான். அன்று காலைதான் சுதன் அவனோடு வாக்குவாதப்பட்டிருந்தான். போகும் நாளைக் கேட்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் காவல்காரன் மட்டும் தனியாக மேலே வந்தான். “வாகனத்திலை ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. உங்கட தம்பியை ஏத்திவிட்டன். முதலிலை போய்ச் சேர்ந்திடுவான்,” என்றான். சுதன் காலில் போடும் ஒரே சப்பாத்துச் சோடி படுக்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. வெளியே பனி. “எல்லாரும் அந்தச் சப்பாத்தைப் பார்த்தவை,” என்றார் அக்கா. “ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நானும்தான். நாங்கள் அவன்ரை கையிலை இருந்தனாங்கள்.”

ஊரில் இருந்த அம்மாவுக்கு, தம்பி இத்தாலியில் வேலை செய்கிறான், தொலைபேசி வசதி இல்லாத இடம் என்று சொல்லியிருந்தார். அம்மா எப்போதாவது வவுனியாவுக்கு வந்து எங்கள் கடைக்குத் தொலைபேசி எடுப்பார். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி. சின்ன வயதில் சுதனுக்கு நோய் வந்தபோது மந்திரத் தகட்டை உள்ளே வைத்துக் கட்டிய வெள்ளி அச்சரக்கூட்டை அவன் கழற்றாமல் கட்டியிருக்கிறானா? “ஓம் அம்மா, கட்டியிருக்கிறான்,” என்று அக்கா சொல்வதை நான் பல முறை கேட்டிருக்கிறேன்.

சில மாதங்களில் அதே ஹோட்டல், பயண முகவர்கள் வந்து தங்கிப் பார்க்கும்படி எல்லாக் கடைகளுக்கும் அழைப்பு அனுப்பியது. நேசன் அண்ணை அதைக் குப்பையில் போடப் போனார். “நான் போறன்,” என்றார் யோகா அக்கா. “நீரோ? இத்தாலிக்கோ?” என்று அவர் சிரித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கனடாக் கடவுச்சீட்டோடு, புதிதாக வாங்கிய ஒரு நல்ல கோட்டோடு, அக்கா முன்வாசலால் அந்த வீட்டுக்குள் போனார்.

திரும்பி வந்து சில நாட்கள் வழமைபோல ரிக்கற் எழுதினார். பிறகு ஒரு படத்தை என்முன் வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளிக் குழாய். பக்கத்தில் விரித்து வைத்த ஒரு சிறு செப்புத் தகடு. ஹோட்டலில் வேலை செய்யும் ஒரு பெண் அதை விருந்தினர்களுக்குப் பெருமையோடு காட்டினாராம். போர்க்காலத்தில் இரகசியத் தூதர் ஒருவர் கொண்டுபோன செய்திக் குழாய் அது, உள்ளே இருக்கும் குறியீட்டை இன்னும் எவராலும் வாசிக்க முடியவில்லை என்றாராம்.

“நீங்கள் வாசிச்சனீங்களோ?” என்று கேட்டேன்.

“வாசிச்சன். ந, ம, சி, வ, ய.”

சுதனின் அச்சரக்கூட்டைப் போலவே, படத்தில் ஒரு பக்க வளையம் வெள்ளி, மறுபக்கம் பித்தளை. உடைந்த வளையத்துக்குப் பதிலாக ஊர்த் தட்டார் ஒட்டிக் கொடுத்தது. எங்கே எடுத்தீர்கள் என்று அக்கா கேட்டிருக்கிறார். நிலவறையில், கல்லால் அடைத்த ஒரு வளைவுக்கு அடியில் என்றார் அந்தப் பெண். அந்த அடைப்பு மட்டும் மற்றச் சுவர்களைவிடப் புதிதாக இருந்ததாம். உடைத்தால் ஈரம் வரும் என்று கட்டட வேலைக்காரர்கள் சொன்னதால், அப்படியே விட்டு மேலே வெள்ளை அடித்துவிட்டார்களாம். இப்போது அதன் முன்னால் வைன் போத்தல்களை அடுக்கியிருக்கிறார்கள். “அதிலை மெழுகுதிரி கொளுத்தி வைச்சுச் சாப்பாடு தந்தவை, பிள்ளை. நான் சுவருக்கு முதுகைக் காட்டி இருக்கமாட்டன் எண்டு கதிரையை மாத்திப் போட்டனான்.”

அதே வாரம் அம்மாவின் அழைப்பு வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். வழமையான கேள்வி வந்திருக்க வேண்டும். யோகா அக்கா அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தார். “கண்டனான் அம்மா,” என்றார். “கூடு பத்திரமாக் கிடக்கு.” ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அந்தச் சுவரை உடைத்துப் பார்க்கச் சொல்லி ஹோட்டலுக்கும் அந்த ஊர்ப் பொலிசுக்கும் எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். அவருக்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று அம்மா. மற்றது, “அனுப்பினவங்கள் செத்துப்போகேல்லை. இஞ்சையும் ஆக்கள் இருக்கினம்,” என்றார். போன குளிர்காலத்தில் அம்மா காலமானார். “ஆட்டைத் திவசம் முடியட்டும். பிறகு நீர் இங்கிலிசிலை எழுதும், நான் கையெழுத்து வைக்கிறன். எனக்கு இனி ஒருத்தரைப் பற்றியும் பயமில்லை,” என்றார். அம்மா காலமாகி ஒரு வருடம் நிறையும் அந்தத் திவசம் வருகிற மாதம். அந்தப் படத்தை என்னிடம் தந்தபோது, “வீட்டிலை வைச்சிருக்க விருப்பமில்லை,” என்றார்.

யோகா அக்காவின் இறுதிக் கிரியைக்கு நிறையப் பேர் வந்தீர்கள். கடைசி வரிசையில் சாம்பல் நிறக் கோட் அணிந்த ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் பூப்போட்டு முடித்தபின் என்னிடம் வந்தார்.

“நீங்கள்தானே அவவோட வேலை செய்த பிள்ளை?”

“ஓம், அங்கிள்.”

“அவ திரும்ப வில்லங்கத்துக்குப் போனவவாம். படம் கிடம் ஏதும் எடுத்தவவோ?”

“தெரியாது,” என்றேன். “பறுவாயில்லை, சும்மா கேட்டனான்,” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் யார் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவரும் அவரை மற்றவருடைய உறவினர் என்று நினைத்திருந்தார்கள். அவர் சுதனின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்களில் ஒருவரா, விறகு எடுக்கக் கூப்பிட்டவரா என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் இருந்தவர் என்பது மட்டும் தெரியும்.

திவசத்துக்காக நான் காத்திருக்கவில்லை. இரண்டு கடிதங்களும் படத்தின் பிரதிகளும் இத்தாலிக்குப் போய்விட்டன. யோகா அக்காவின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் என்னுடையது இருக்கிறது. போன கிழமை, அவர் செய்வதைப் போலவே, ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்து, கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். சேர்ந்தது என்றார் ஒரு பெண். பிறகு தாழ்ந்த குரலில், அந்தச் சுவரைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். யோகா அக்காவின் முழுப் பெயரையும் சுதனின் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்வது கேட்டது.

யோகா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, போய்ச் சேர்ந்திட்டீங்களோ என்ற அந்தக் கேள்விதான். அந்த வீட்டிலிருந்து இந்த நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் இதை வாசித்தால், கடைக்கு வாருங்கள். பின்னேரங்களில் நான் இருப்பேன். சாம்பல் நிறக் கோட் அங்கிள், நீங்களும் வரலாம். அன்று தெரியாது என்று சொன்னேன். படம் என்னிடம்தான் இருக்கிறது.