பீன்யாவில் நாற்காலி, அத்திபெலேயில் ஆள்

ரௌட்டரில் ஒரு வழியைத் திறந்துவிட்டு, வீட்டில் இருப்பவரை அலுவலகக் கணினியில் வேலை செய்யவைப்பது என் பிழைப்பு. வழியைத் திறப்பது எளிது, அந்த வழியாக ஓர் ஆள் வந்திருக்கிறார் என்று மற்றவர்களை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. இதே தொழிலில் உழலும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: வெளியிலிருந்து வரும் அழைப்பை எந்தக் கணினிக்கு அனுப்ப வேண்டும் என்று ரௌட்டருக்குச் சொல்லிவைப்பதற்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங். அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம், "இன்னாரைத் தேடி வந்தால் மூன்றாம் மாடிக்கு அனுப்பு" என்று சொல்லிவைப்பதைப் போன்றது. வாட்ச்மேன் சொன்னதை மறப்பார், ரௌட்டர் மறக்காது. குழப்பமெல்லாம் மூன்றாம் மாடியில்தான்.

மனசும் டிராயிங்கும்

பீன்யாவில் தகடு வெட்டும் டை, அதாவது இரும்பு அச்சு, செய்கிற சிறிய பட்டறை அது. முதலாளி சம்பத், மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழர். டைகளுக்கு டிராயிங் போடுபவள் கவிதா. வீடு அத்திபெலேயில், அதாவது ஊரின் மறுகோடியில். ஆறாவது மாதத்தில் இருந்த அவளைப் பேருந்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிராயிங் போடும் மென்பொருளின் உரிமமோ பட்டறைக் கணினியோடு பிணைக்கப்பட்டது. கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே கவிதா வீட்டிலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்து வேலை பார்க்க வேண்டும். பம்பு கம்பெனிக்கான டிராயிங் மாதக் கடைசிக்குள் முடிந்தால் அவளுடைய வேலை நிலைக்கும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

"இந்த நேரத்தில் அவளை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பீர்களா?" என்று நேராகவே கேட்டேன். நான் சுற்றி வளைத்துப் பேசுபவள் அல்ல. சம்பத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு மனசு இருக்கு மேடம். மனசு டிராயிங் போடாதே!"

பொது வாசல்

அமைப்பெல்லாம் பிசகில்லாமல் செய்து முடித்தேன். வெளியிலிருந்து ஓர் ஈ கூட உள்ளே வரவில்லை. மூன்று முறை சரிபார்த்தும் என் பக்கம் தவறில்லை என்றான பிறகுதான் உறைத்தது: இணைய இணைப்புத் தருபவர்கள் அந்தத் தெருவில் பலருக்கும் சேர்த்து ஒரே வெளிமுகவரியைக் கொடுத்திருக்கிறார்கள். தெருமுனை வரை வரும் அழைப்புக்கு எந்தக் கட்டடத்தில் நுழைவது என்று தெரியாது. தொலைபேசியில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிச் சண்டையிட்டு, பட்டறைக்கென்று ஒரு நிலையான முகவரியை வாங்கினேன். சண்டை முழுவதையும் அருகிலிருந்து ரசித்த சம்பத் கேட்டார்: "பில்லு மட்டும் ஆளுக்கு ஒண்ணு வருது, வாசல் எல்லாருக்கும் ஒண்ணுதானா?"

அயல்நாட்டு விருந்தினர்

சோதனைக்காக, ரௌட்டரின் வெளிக்கதவான போர்ட்டின் எண்ணை மட்டும் மாற்றி, சில நாள் நேராகத் திறந்துவைத்தேன். செய்யாதீர்கள், சகாக்களே. எண்ணை மாற்றுவது பூட்டு ஆகாது. பெயர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் யார் யாரோ கதவைத் தட்டி, கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரௌட்டரின் பதிவில் இதைப் பார்த்த அன்றே கதவை மூடிவிட்டு, சாவி உள்ளவர் மட்டும் நுழையும் தனிப்பாதை ஒன்றை அமைத்து, கவிதாவிடம் சாவியைக் கொடுத்தேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டியது.

மூடுவதற்கு முன் அந்தப் பதிவைச் சம்பத்துக்குத் திரையில் காட்டினேன், கொஞ்சம் பயம் வரட்டும் என்று. நாடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் மலர்ந்தது. "இத்தனை நாட்டுலேருந்து நம்ம பட்டறையைத் தேடுறாங்களா மேடம்? ஒருத்தராவது டை வேணும்னு கேட்டாங்களா?"

நல்லெண்ணம்

அந்தக் கணினியில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். கவிதா உள்ளே இருக்கும்போது பட்டறையில் திரை பூட்டிக்கொள்ளும். அங்கே யாராவது கடவுச்சொல் போட்டு உட்கார்ந்தால் கவிதா வெளியே விழுவாள். பூட்டிய திரையைப் பார்ப்பவர்களுக்கோ கணினி சும்மா தூங்குவதாகத்தான் தெரியும். சம்பத் தம் மெயிலைப் பார்ப்பதும் அதே கணினியில்தான். அத்திபெலேயிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தபடி இருந்தது. "அக்கா, உக்காந்து கோடு போட்டுட்டே இருக்கேன், யாரோ நாற்காலியை உருவிட்டுப் போற மாதிரி இருக்கு!"

மெயில் பார்க்க இன்னொரு கணினி வாங்குங்கள் என்று சம்பத்திடம் சொன்னேன், "பார்ப்போம்" என்றார். 'கவிதா வேலை செய்கிறார், தொடாதீர்கள்' என்று தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதித் திரையோரம் ஒட்டினேன். மும்மொழிகளும் சமமாக அவமதிக்கப்பட்டன. பிறகு ஒருநாள் கவிதாவின் குரலில் அழுகை. காலை முழுதும் போட்ட டிராயிங்கைக் காணவில்லை. பீன்யாவுக்கு ஓடினேன். சம்பத் பெருமையோடு வரவேற்றார்: "பாவம், அந்தப் பொண்ணு டிராயிங்கைத் திறந்தே போட்டுட்டுப் போயிட்டா மேடம். சேவ் பண்ணவானு கேட்டுச்சு, நமக்கெதுக்கு அதெல்லாம்னு 'நோ' போட்டு நான்தான் பத்திரமா மூடிவெச்சேன்."

துண்டு

அன்று அவரை நான் திட்டிய திட்டு எழுத்துக்கு ஏற்றதல்ல. லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர்களே மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சம்பத்துக்கும் அழுகை வரும் போலிருந்தது. மாதம் முடிய ஒரு வாரமே இருந்தது. யாருக்கும் சொல்லாமல் இன்னொரு டிராயிங் ஆளை அவர் வரச்சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

சூப்பர்வைசர் செல்வராஜ் தர்மபுரிக்காரர். ஊருக்குப் போக வாரக் கடைசியில் மெஜஸ்டிக்கில் பஸ்ஸுக்கு முண்டியடிப்பவர். இவர் அதுவரை இந்த விவகாரத்தில் வாய் திறந்ததில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார், உதறினார், கணினிக்கு முன்னிருந்த நாற்காலியில் விரித்துப் போட்டார். கவிதா உள்ளே வருமுன் தனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் துண்டு விழும், முடித்துவிட்டு இன்னொன்று கொடுத்தால் துண்டு எழும் என்று ஏற்பாடும் சொன்னார். இது எப்படி நிற்கும் என்றேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஜன்னல் வழியா துண்டைப் போட்டுட்டா அப்புறம் அது நம்ம சீட்டு மேடம். எப்பேர்ப்பட்ட சண்டைக்காரனும் முனகிக்கிட்டே நின்னுதான் வருவான்."

உட்கார வந்தவர்

மறுநாளிலிருந்து கவிதா ஒருமுறைகூட வெளியே விழவில்லை. சம்பத் மெயில் பார்க்க வருவார், துண்டைப் பார்ப்பார், முனகுவார், கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். மும்மொழியால் முடியாததை ஒரு பருத்தித் துண்டு செய்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

மாதக் கடைசியில், மின்வெட்டுக்குப் பின் ரௌட்டரைச் சரிபார்க்கப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் புது ஆள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல், மரியாதையான பிள்ளை. சம்பத் அவரிடம் சம்பளம் பற்றிப் பேசத் தொடங்கியபோது, யாருமில்லாத மேஜையில் பிரிண்டர் தானாக உயிர்பெற்றது. ஒவ்வொரு தாளாக, பம்பு கம்பெனியின் டிராயிங் முழுவதும் வந்து விழுந்தது. செல்வராஜ் எடுத்து அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மெட்டீரியல் வெட்டச் சொல்லிடலாம் சார்" என்றார். சம்பத் தாள்களை வாங்கினார். வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

நின்று களைத்த புது ஆள், அறையில் காலியாக இருந்த ஒரே நாற்காலியை இழுத்து, துண்டை ஒதுக்கக் கையை நீட்டினார். சம்பத் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தார். "அதுல உக்காராதீங்க தம்பி, கவிதா உக்காந்திருக்கா! வாங்க, வெளியே போய் ஒரு காபி சாப்பிட்டுட்டு நீங்க கிளம்புங்க."

நெட்வொர்க் படித்து முதுகலைப் பட்டமும் வாங்கிய நான், இப்போதெல்லாம் எந்த அலுவலகத்துக்குக் கிளம்பினாலும் கேபிள், கிரிம்பர், மடிக்கணினி இவற்றோடு பையில் மறக்காமல் ஒரு துண்டையும் எடுத்துவைத்துக்கொள்கிறேன்.