மச்சான் எழுந்து உட்கார்ந்த நாள்

டவுன் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போனவர்கள் இவர்கள். டிரைவர். அவர் பக்கத்தில் மச்சான். பின்னால் மச்சானின் சம்சாரம்; அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவை ஒட்டி என் சம்சாரம், மச்சானின் கூடப்பிறந்த தங்கை. எதிர் சீட்டில் நான். மலை இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் மச்சான் மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்குவார். தூக்கிய கை பாதியில் இறங்கிவிடும். பெண்கள் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பார். இரண்டு பேரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் மலையின் வளப்பூர் நாட்டில் மிளகு பறிக்க மச்சானும் நானும் ஜோடி. எங்களுக்கு ஏணி என்றால் ஒற்றை மூங்கில். கணுவில் கிளைக்குச்சியைக் கொஞ்சம் விட்டு வெட்டினால் அதுவே படி. நான் ஏறுவேன். அவர் அடியில் மூங்கிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். மேலே காற்று அடித்தாலும் மூங்கில் அசையாது. எனக்கு அது போதும். அந்த மாசியில் ஒரு நாள் உச்சியில் இருந்தபோது என்னவோ தோன்றிக் குனிந்து பார்த்தேன். மச்சான் தலைத்துண்டை முறுக்கி மூங்கிலை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் இறங்கும்வரை ஒரு சத்தம் இல்லை.

"ஏனுங்க மச்சான், ஒரு கொரல் குடுக்கறதுக்கென்ன?" என்றேன்.

"கொரல் குடுத்தா அவசரமா எறங்குவே. உழுந்துருவே," என்றார். முகமெல்லாம் வேர்வை.

செம்மேட்டு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு டவுனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். டவுனில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. ரத்த நாடிக்குள் சன்னமான குழாய் விட்டு இதயத்தின் இடது பக்கம் வரைக்கும் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்றார். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுவது அந்தப் பக்கம்தானாம். அங்கே அழுத்தம் எவ்வளவு, வால்வு சரியாக மூடுகிறதா, இதயத்துக்கே ரத்தம் கொண்டுவரும் குழாய்களில் அடைப்பு உண்டா, எல்லாம் தெரிந்துவிடும் என்றார்.

"பாக்கறதுக்கு உள்ளாற வரைக்கும் போவோணுமா? வெளிய நின்னு பாத்தாத் தெரியாதா சாமி?" என்றார் மச்சான்.

"தெரிஞ்சா உங்கள இவ்வளவு தூரம் அனுப்பியிருப்பாங்களா?"

அப்புறம் வரக்கூடியதையும் மறைக்காமல் சொன்னார். குழாய் விட்ட இடத்தில் ரத்தம் கசியலாம். படத்துக்கு ஏற்றும் மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கிட்னியைப் பிடிக்கும். எப்போதாவது ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஆளு திரும்பி வந்துருவாருங்களா?" என்று கேட்டார்.

"அநேகமா ஒண்ணும் ஆகாதுங்க அம்மா. ஆகவே ஆகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

நான் அவரை நம்பினேன். சத்தியம் பண்ணியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மணிக்கட்டு வழியாகத்தான் ஆரம்பித்தார்கள். நாடி சுருங்கிக் குழாயை இறுக்கிக்கொண்டதால் தொடை இடுக்கு வழியாகப் போனார்களாம். வெளியே கொண்டுவந்து கட்டிலில் போட்டதும் நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார். ஆறு மணி நேரம் மல்லாந்தே படுக்க வேண்டும். காலை மடக்கக்கூடாது. தலையைக்கூடத் தூக்கக்கூடாது.

"சோத்துக்குக் குத்தவெச்சு, பேச்சுக்குக் குத்தவெச்சுப் பழகுன காலு. ஆறு மணி நேரம் நீட்டிக் கெடந்தா அது பொணந்தான் கண்ணு," என்றார் மச்சான்.

"பொணம் இவ்வளவு பேசாதுங்க தாத்தா. சும்மா படுங்க."

டாக்டரம்மா வந்து நல்ல சேதி சொன்னார். வால்வும் அழுத்தமும் சரி. ஒரு குழாயில் மட்டும் பாதி அடைப்பு. இப்போதைக்கு மாத்திரை போதும். இனிப் பாரம் தூக்குவதும் மூங்கில் பிடிப்பதும் கூடாது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காத அக்காவை என் சம்சாரம் டீ குடிக்கக் கூட்டிப் போனாள். மச்சான் கண்ணை மூடினார். நானும் சுவரில் சாய்ந்தேன்.

அப்போதுதான் சம்பந்தி வந்தார். மச்சானின் மகளைக் கட்டிக்கொடுத்து வருஷம் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, பஸ் பிடித்து, ஆரஞ்சுப் பையோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மச்சானின் இரண்டு காலும் அவருக்கு நேராக நீட்டியிருந்தன. எங்களில் பெண் கொடுத்தவன் சம்பந்தி எதிரில் கால் நீட்ட மாட்டான். அவர் நிற்கும்போது படுத்திருக்க மாட்டான். மச்சானின் கண் திறந்ததைப் பார்த்தேன். நான் தோளைப் பிடிப்பதற்குள் முழங்கையை ஊன்றி, காலை மடக்கி, எழுந்து உட்கார்ந்து கும்பிட்டுவிட்டார்.

"வாங்க சம்பந்தி. ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?"

கேட்டு முடிப்பதற்குள் போர்வை தொடைப் பக்கம் சிவந்துவிட்டது.

நர்ஸ் ஓடிவந்து அவரைச் சாய்த்தார். இரண்டு கையாலும் இடுக்கில் வைத்து அழுத்தினார். "யாரு எந்திரிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. பெரியவங்க வந்தாங்க."

அதற்குமேல் பேச்சு வரவில்லை. உதடு வெளுத்தது. வேர்வை கொட்டியது. பிரஷர் இறங்குகிறது என்று யாரோ கத்தினார்கள். டாக்டரம்மா வந்தார். பாட்டில் ஏற்றினார்கள். என்னைப் பார்த்து, "காலப் புடிங்க, அசைய விடாதீங்க," என்றார். நான் மச்சானின் காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. நல்ல சேதி சொல்லி அரை மணி ஆகவில்லை. அக்கா திரும்பி வந்தால் என்ன சொல்வது என்று அது ஒன்றுதான் எனக்குள் ஓடியது. நர்ஸ் கை மாற்றிக் கை மாற்றி அழுத்தினார். வெகு நேரம் கழித்துக் கால் கொஞ்சம் சூடானது. டாக்டரம்மா நெற்றியைத் துடைத்தார். ரத்தம் வெளியே வந்ததால் கண்ணில் பட்டது, உள்ளுக்குள் கசிந்திருந்தால் தெரிந்திருக்காது என்றார்.

சம்பந்தி சுவரோரம் அந்தப் பையோடு நின்றபடியே இருந்தார். "நான் வந்தது தப்புங்களா?" என்றார் என்னிடம்.

"வந்தது தப்பில்லீங்க. நின்னதுதான்."

அவர் பையைச் சுவரோரம் வைத்தார். வந்தார். வேட்டியை ஒதுக்கிக் கட்டில் காலோரம் வெறுந்தரையில் உட்கார்ந்தார். தலை மெத்தை மட்டத்துக்கும் கீழே இருந்தது. மச்சான் பதறிப்போய், "ஐயோ, கீழ ஒக்காராதீங்க சம்பந்தி," என்றார்.

"நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன். அந்த நர்ஸம்மா நம்ம ரெண்டு பேரையும் வெளுக்கட்டும். பேசாம படுங்க."

மச்சான் சிரித்தார். மெதுவாகத்தான் சிரித்தார்.

இப்போது அவர் களத்தில் மிளகு காயவைக்கிறார். எனக்கு வேறு ஆள் மூங்கில் பிடிக்கிறான். நல்ல பலசாலிதான். இருந்தும் நான் அடிக்கடி கீழே பார்க்கிறேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று சம்பந்தியும் கூடவே வந்தார். இன்னும் ஒரு வாரம் காலை மடக்கிக் குத்தவைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊரே பார்க்க வந்தது. சம்பந்தி வாசற்படிக்கு உள்ளே தரையில் உட்கார்ந்துகொண்டு, நுழைகிற ஒவ்வொருவரிடமும், "ஒக்காந்துருங்க, ஒக்காந்துருங்க. நின்னா அவரு எந்திரிச்சுருவாரு," என்றார். உட்கார்ந்தார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் அடுத்தவர் வீட்டில் வெறுந்தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவரும் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மச்சான் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவர் கண் ஓரத்தில் தண்ணீர். யாரும் பார்க்காத மாதிரி மழையைப் பற்றிப் பேசினோம். தரையில் பத்தொன்பது பேர்.