நீல சோப்பு

மைக் முன்னால் நான் பொய்யாக அழுதிருக்கிறேன், பொய்யாகச் சிரித்திருக்கிறேன். இது மட்டும் பொய்யில்லை. எழுத உட்கார்ந்ததுமே வாய் கசக்கிறது.

நான் டப்பிங் பேசுகிறவள். திரையில் நீங்கள் பார்த்து உருகிய நடிகை குட்டிக்கு, சிறுமியாக வந்த முதல் படத்திலிருந்து கதாநாயகியானது வரை, குரல் என்னுடையது. என் தலை நரைத்தது, குரல் நரைக்கவில்லை. அவளுடைய சொந்தக் குரலோ தகரத்தைச் சுரண்டுவது போல இருக்கும். காரணத்தை ஒரு முறை அவளே சொன்னாள்.

"அழுதா வாயில சோப்பை வெச்சு அமுக்குவாங்க அத்தை. துணி துவைக்கிற நீல சோப்பு."

"யாருடி?"

"வேற யாரு? மம்மிதான்."

மம்மி அவளைப் பெற்றவள் அல்ல. யாருமில்லாத பிள்ளைகளை வீடுகளில் வளர்க்கக் கொடுப்பார்களே, அப்படிப் பதினொரு வயதில் வந்தவளை வளர்த்தவள். முகம் லட்சணமாக இருந்ததால் சினிமாவில் தள்ளிவிட்டு, அவள் உழைப்பில் உட்கார்ந்து தின்றவள்.

அன்று மதியம் மூன்று மணி. ஸ்டூடியோவில் மம்மி கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து, கிரீமை நாக்கால் வழித்துக்கொண்டிருந்தாள். நக்கிய பிஸ்கட்டை மறுபடி தட்டிலேயே வைத்தாள். அந்த எச்சில் விரலாலேயே என் கன்னத்தைத் தட்டினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"வாங்கக்கா. ரெண்டு மூணு வரிதான். பேசிட்டுப் போயிட்டே இருங்க."

"குட்டி எங்கே?"

"மகாராணி ரெஸ்ட் எடுக்கிறா."

உள்ளே போய் ஹெட்போனை மாட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியரும் மம்மியும். என் பக்கம் இருட்டு. திரையில் ஒன்றும் ஓடவில்லை.

"படம் எங்கே தம்பி?"

"படம் இல்லையாம் அம்மா. வெறும் குரல் போதுமாம்."

தாளைப் பார்த்தேன். 'நான் குட்டி பேசறேன். நான் எங்கேயும் ஓடிப்போகல. என் விஷயம் எல்லாத்தையும் மம்மிதான் முடிவு பண்ணுவாங்க.'

புரிந்துவிட்டது. பிள்ளை தப்பித்துவிட்டாள். இது டி.வி.யில் வந்தால் அவள் கதை முடிந்தது. ஊருக்குத் தெரிந்த குரல் என்னுடையதுதானே. அவளே வாயைத் திறந்து மறுத்தாலும் அவளைத்தான் போலி என்பார்கள்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது ஹெட்போனில் ஒரு மூச்சு கேட்டது.

எங்கள் தொழிலில் வசனத்துக்கு முன்னால் நடிகையின் மூச்சைப் பிடிக்க வேண்டும். அவள் இழுக்கும்போதே நாமும் இழுக்க வேண்டும். பழக்க தோஷம்... நானும் இழுத்துவிட்டேன்.

படமே ஓடவில்லை. பிறகு யாருடைய மூச்சு அது?

ஈர மூச்சு. களக்... களக்... நுரைக்குள்ளிருந்து வருவது போல.

வாய்க்குள் வழவழவென்று ஏதோ கரைந்தது. சோப்பு. அதில் ஒட்டிய தலைமுடி. நாக்கில் சுற்றியது. துப்பினேன். நுரை. நீல நுரை. மறுபடியும் துப்பினேன்... மறுபடியும்...

களக்.

ஸ்பீக்கரில் ஒரு குழந்தை பேசியது.

"நான் அழல மம்மி... எடுத்துடுங்க..."

என் உதடு அசையவில்லை.

இன்ஜினியர் எழுந்து நின்றார். மம்மியின் வாயிலிருந்து மென்ற பிஸ்கட் மடியில் வழிந்தது.

"இது குட்டி இல்ல," என்றாள். "இது குட்டி இல்ல... இது..."

செருப்பைக் கூட மாட்டாமல் ஓடினாள்.

பதிவை ஓட்டிப் பார்த்தோம். பேச்சு இல்லை. மூச்சு மட்டும் இருந்தது.

இரண்டு பேருடைய மூச்சு.

ஒரு வாரம் கழித்துக் குட்டி என் வீட்டுக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். "சின்ன வயசுல நீதானேடி அது?" என்றேன். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அந்த வீட்டுக் குளியலறைக் கதவோரம் பென்சில்ல உயரம் அளந்த கோடு இருக்கும் அத்தை. மூணு கோடு. நான் போன அன்னிக்கே பார்த்தேன். மூணும் என் நெஞ்சுக்குக் கீழ. அதுக்கு மேல கோடே இல்ல."

"யாரோடதாம்?"

"அதைத்தான் மம்மிகிட்ட கேட்டேன். எனக்கு முதல் தடவை சோப்பு வெச்சது அன்னிக்குத்தான்."