ஜமால் டைப் அடித்த முப்பத்திரண்டு விதிகள்

என் பேத்தி பெங்களூரில் வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன வாரம் குடும்பத்தில் எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். கேள்வி இதுதான்: எல்லாக் காலத்துக்குமாக உங்களுக்கு மிகமிகப் பிடித்த ஒரே ஒரு விளையாட்டு எது? பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் இருந்தால் கட்டாயம் நிரப்ப வேண்டுமாம். முப்பத்தாறு வருஷம் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து, ஊரார் மனுக்களை "கலம் ஏழு பூர்த்தி செய்யப்படவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நான். கடைசியில் எனக்கே நட்சத்திரம்.

கோலி, கிட்டிப்புள், சீட்டு, கேரம் என்று நாலையும் எழுதி அனுப்பப் பார்த்தேன். போகவில்லை. பேத்திக்குப் போன் போட்டேன்.

"தாத்தா, ஒண்ணுதான் போடணும். நாலு போட்டா ஃபாரம் எடுக்காது."

"முன்னுரிமை வரிசைப்படி போட்டா?"

"எடுக்காது தாத்தா."

நல்ல படிவம். நானே தயாரித்தது போல இருந்தது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கோலியில் எனக்குத் தெருவில் நல்ல பேர் இருந்தது. ஆனால் பேர் இருந்த விளையாட்டெல்லாம் மறந்து போகிறது. கிட்டிப்புள் நெற்றியில் ஒரு தழும்போடு சரி. சீட்டு ஆடியதை வீட்டில் இன்றைக்கும் ஒப்புக்கொண்டதில்லை. மிஞ்சியது கேரம். எழுதியவுடன் கீழே இன்னொரு கட்டம் திறந்தது. "ஏன்?" என்று கேட்டது. அதற்கும் நட்சத்திரம். "பொறாமையால்" என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பிவிட்டேன். பேத்தி இன்னும் பதில் போடவில்லை. அவளுக்குச் சொல்லாத மீதியை உங்களுக்குச் சொல்கிறேன்.

கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடருக்கு வாசனையே கிடையாது என்று மருந்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். திண்டுக்கல்லில் எங்கள் ஆபீசில் அதற்கு வாசனை இருந்தது. ஆவாரம் பட்டை வாசனை. அந்தப் பட்டையை ஊறப்போட்டுத்தான் அப்போது தோல் பதனிடுவார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. பேகம்பூர்ப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் தோல் ஷாப்பு வாசனை ஃபைல் வரைக்கும் ஏறும். நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம். ஆனால் அந்த வாசனை சட்டையிலேயே தங்கிப்போன ஓர் ஆள் எங்கள் ஆபீசுக்குள்ளேயே இருந்தான். டைப்பிஸ்ட் ஜமால். தோல் வியாபாரக் குடும்பம். நிரந்தர ஆளைச் சர்வீஸ் கமிஷன் அனுப்பும்வரை என்ற நிபந்தனையோடு தற்காலிகமாகச் சேர்ந்தவன். என்னைவிட இரண்டு வயது இளையவன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவன் கேரம் ஆடுவான். அவன் தொட்ட பவுடர் என்னைப் பொறுத்தவரை அப்படித்தான் மணத்தது.

அவன் ஆடுவதை எப்படிச் சொல்வது? குறி பார்த்தே நான் பார்த்ததில்லை. ஸ்டூலில் ஒரு காலை மடக்கி உட்கார்வான். பக்கத்தில் யாருடனாவது பேசிக்கொண்டே நடுவிரலால் லேசாகத் தட்டுவான். பேச்சு முடிவதற்குள் காய் குழியில் கிடக்கும். சத்தமே வராது. நான் அடித்தால் அடுத்த செக்ஷனில் இருப்பவர் எழுந்து பார்ப்பார். ஆபீஸ் ஸ்ட்ரைக்கர் ஓரம் பிளந்தது. அதை வைத்துத்தான் ஆடுவான். நானோ மதுரைக்குப் போய்த் தந்தம் என்று சொல்லி விற்ற ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கி வந்தேன். எலும்பு என்று பிறகு தெரிந்தது. கனமாகத்தான் இருந்தது. காயைவிட அதுதான் அதிகம் குழிக்குள் போயிற்று.

ஹெட்கிளார்க் ஒருவர் இருந்தார். ஒரு ரப்பர் கேட்டால்கூட இரண்டு முறை காரணம் கேட்கிற மனுஷன். அவர் டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிட மறந்து, ஜமாலின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அப்பு, இவன் கையில என்னத்தடா வச்சிருக்கான்?" என்று என்னிடம் கேட்டார் ஒரு நாள்.

"எல்லாம் பழக்கம்தான் சார்."

"பழக்கம்னா ஒனக்குந்தான் இருக்கு. மூணு வருசமா தட்டிக்கிட்டே கெடக்கியே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜமால் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்ணுக்கு ஊர் அகரம், விவசாயக் குடும்பம். மாலையில் ஆபீஸ் விட்டதும் நேராக வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்கம்பக்கத்தார் புது மாப்பிள்ளையின் அவசரம் என்று நினைத்தார்கள். நான் கூடத்துத் தரையில் சாக்கட்டியால் கேரம் பலகையின் கோடுகளை அளவாகப் போட்டு, சட்டைப் பொத்தான்களைக் காய்களாக வைத்து, எலும்பு ஸ்ட்ரைக்கரால் அடித்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இது ஆபீஸ் வேலையா?" என்று கேட்டாள் அவள், விளக்குமாற்றோடு வாசலில் நின்று.

"ஆமா. அளவு வேலை."

"அம்புட்டு அளவா? செத்த நேரம் தள்ளி உக்காந்து அளங்க. கூட்டணும்."

இத்தனையும் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஜமாலை எல்லோர் முன்னிலையிலும் ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அடுத்து வந்த பொங்கலை ஒட்டி ஆபீஸ் மனமகிழ் மன்றத்தின் ஆண்டுவிழா. முதல்முறையாகக் கேரம் போட்டி, கோப்பை, குடும்பத்தோடு அழைப்பு. மன்றத்தின் செயலாளர் நான். போட்டிக்கு விதிகள் எழுதும் பொறுப்பும் என்னுடையது. மூன்று மாதம் பொத்தான் அடித்துப் பார்த்த பிறகு, ஜமாலைப் பலகையில் ஜெயிக்க முடியாது என்பது எனக்கு உறுதியாகிவிட்டிருந்தது. காகிதத்தில் முடியும்.

முப்பத்திரண்டு விதிகள் எழுதினேன். யார் உறுப்பினர், சந்தா எப்போது கட்டியிருக்க வேண்டும், விண்ணப்பம் எத்தனை பிரதி, மேல்முறையீடு யாரிடம், தாமதமாக வந்தால் என்ன என்று ஒன்றும் விடவில்லை. நாலாவது விதி: தற்காலிகப் பணியாளர்கள் போட்டியில் ஆடத் தகுதியற்றவர்கள். ஆபீசில் தற்காலிகப் பணியாளர் மொத்தம் ஒருவர்தான். அந்த ஒருவர்தான் டைப்பிஸ்ட். அதனால் விதிகளை அவனுக்கே வாசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. வேறு வழி இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். கையால் எழுதி ஒட்டியிருக்கலாம். ஆனால் டைப் அடிக்காத விதியை யார் மதிப்பார்கள்?

அந்தக் காலத்தில் இதெல்லாம் ஆங்கிலத்தில்தான். நாலு கார்பன் வைத்து அடித்தான். நாலாவது விதியை நான் கொஞ்சம் வேகமாகச் சொன்னேன். மிஷின் சத்தம் நிற்கவில்லை. அதே தாளம். அடித்து முடித்துவிட்டு உருளையைத் திருப்பிப் பார்த்தான்.

"சார், ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்னது?"

"எந்தத் தேதியிலேருந்து அமலுக்கு வருதுன்னு இல்லையே. தேதி போடலேன்னா அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அப்பறம்தான் செல்லும்னு ஆகிப்போகும். போட்டி அதுக்கு முந்தியே முடிஞ்சிரும்."

அதாவது, அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் ஆடியிருக்கலாம். நானே கவனிக்காத ஓட்டையை எனக்கு எடுத்துக் காட்டினான். அப்போதாவது நான் தாளை வாங்கிக் கிழித்திருக்க வேண்டும்.

"இன்னைக்கிலேருந்துன்னு போடுங்க" என்றேன்.

போட்டான். கேரத்தில் மட்டும் இருந்த பொறாமை அன்றைக்கு அவனுடைய நிதானத்தின் மேலும் பரவியது.

விதிகளைப் படித்த ஹெட்கிளார்க்குக்கு உள்விஷயம் புரிந்துவிட்டது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ஜமாலு ஆடத்தானே கூடாது? நடுவரா உக்காரக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே?" என்றார். இல்லைதான். ஜமால் நடுவரானான்.

இறுதி ஆட்டம் எனக்கும் ஹெட்கிளார்க்குக்கும். அவர் வயிறு பலகையில் இடிக்கும். குனிந்து அடிக்க முடியாது. அப்படியும் கடைசி போர்டுவரை சமமாக வந்தார் என்றால் என் ஆட்டத்தின் தரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு வெள்ளைக் காய் மிச்சம். அது என் இடது மூலைக்குப் பக்கத்தில் ஒட்டிக் கிடந்தது. மூலைக்கு ஓடும் அம்புக்கோட்டைக் கை தாண்டக் கூடாது. கேரம் ஆடுகிற எவருக்கும் தெரிந்த விஷயம். தாண்டாமல் அந்தக் காயை அடிக்க எனக்குத் தெரியவில்லை. தாண்டினேன். விரல், மணிக்கட்டு எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். அடித்தேன். காய் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஹெட்கிளார்க் யாரோ நீட்டிய லட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமால் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை எடுக்கும்வரை பார்த்தான்.

"ஆட்டம் சார் பக்கம்" என்றான்.

எனக்குக் கோப்பை கொடுத்தார்கள். முட்டை வைக்கும் கிண்ணம் அளவுக்கு இருந்தது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. யாரோ ஒருவர், "ஜமாலு, நீ ஒரு போர்டு சும்மா ஆடிக் காட்டப்பா" என்றார். அவன் வேண்டாம் என்றான். விடவில்லை. என் எலும்பு ஸ்ட்ரைக்கர் பலகையிலேயே கிடந்தது. அதை எடுத்து ஆடத் தொடங்கினான். நடுவில் அடுக்கிய காய்களை உடைத்து, ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் ஒரே கையில், அடுத்தவருக்கு வாய்ப்பே போகாமல், போட்டு முடித்தான். அந்த ஸ்ட்ரைக்கர் ஒரு முறைகூடக் குழிக்குள் விழவில்லை. என்னிடம் இருந்தவரை அது அப்படி நடந்துகொண்டதே கிடையாது. கூட்டம் கைதட்டியது. பெண்கள் பக்கத்திலிருந்தும் தட்டினார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் மனைவி கேட்டாள்.

"அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்குக் கப்பு கெடையாதாக்கும்?"

"அவரு நடுவரு."

"நடுவரே இம்புட்டு ஆடுறாரு. அவரை ஏன் ஆட விடல?"

"அதுக்கு ரூல் இருக்கு."

"யாரு போட்ட ரூலு?"

ஏதோ சைக்கிளுக்கு வழிவிடுவது போல ஒதுங்கிக்கொண்டேன்.

நாலு மாதத்தில் சர்வீஸ் கமிஷன் நிரந்தர டைப்பிஸ்டைத் தேர்ந்தெடுத்து உத்தரவு அனுப்பியது. ஜமாலை விடுவிக்கும் உத்தரவை நான் எழுதினேன். டைப் அடித்தது அவன்தான். வேறு டைப்பிஸ்ட் இன்னும் சேரவில்லையே. அவன் போன பிறகு மதியத்தில் பலகையைச் சுற்றிக் கூட்டம் இல்லை. நான்தான் ஆபீசிலேயே நல்ல ஆட்டக்காரன் ஆனேன். ஒரு மாதத்தில் எனக்கு அலுத்துவிட்டது.

அந்தப் பத்தாண்டின் கடைசியில், ஒரு ஆய்வு வேலையாகக் கொடைக்கானல் போகும் வழியில் வத்தலக்குண்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செருப்புக் கடையிலிருந்து, "சார்! வாங்க சார், உள்ள வாங்க!" என்று குரல். ஜமால். கொஞ்சம் பருத்திருந்தான். அத்தா இறந்த பிறகு அவருடைய வியாபாரத்தைப் பார்ப்பதாகச் சொன்னான். டீ வரவழைத்தான். அந்த ஊரில் எல்லோருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. பத்து நிமிஷத்தில் எட்டுப் பேர் வணக்கம் சொல்லிப் போனார்கள். எனக்கு அதுவும் உறுத்தியது.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஜமால், அன்னைக்கு ஃபைனல்ல எங் கை கோட்டைத் தாண்டுச்சுல்ல?"

"நல்லாத் தாண்டுச்சு சார்."

"பெறகு ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சார் சொல்றது? நீங்க போட்ட முப்பத்திரண்டு ரூல்ல அது இல்லையே. நாந்தானே டைப் அடிச்சேன். யாரு ஆடலாம், யாரு ஆடக் கூடாதுங்கிறதெல்லாம் இருந்துச்சு. எப்பிடி ஆடணும்னு ஒண்ணுமே இல்ல."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். நான் மெதுவாகச் சொன்னேன்: "உங்களுக்கு உசுரான விளையாட்டு. நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

"எது, கேரமா?" அவன் வாய்விட்டுச் சிரித்தான். நான் பார்த்த முதல் சிரிப்பு அது. "அட போங்க சார். அது மத்தியானம் பொழுது போறதுக்கு. எனக்கு உசுரு பூப்பந்துதான். ஆபீஸ் விட்டதும் ஸ்கூல் மைதானத்துக்கு ஓடிருவேன். டெய்லி ஆடுவோம். டெய்லி தோப்பேன். ஒரு பந்து ஒழுங்கா எடுக்க வராது. எங்க செட்டுல என்னை எடுக்குறதுக்கே ஆள் இருக்காது. ஆனாலும் சார், அந்த மாதிரி ஒரு வெளாட்டு உண்டா!"

பஸ் வந்துவிட்டது. மலை ஏறும்வரை அவனுடைய அந்த முகம் என்னை விடவில்லை. எனக்கு வராத விளையாட்டை நான் ஒரு நாளும் விரும்பியதில்லை. அடுத்தவனுக்கு வருகிறதே என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். தினமும் தோற்றுவிட்டு, மறுநாள் அதற்காகவே ஓடுகிற மனசு எங்கே கிடைக்கும்? மதுரையிலும் விற்கமாட்டார்கள்.

ஜமால் இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது. பேகம்பூரில் ஒரு தெரிந்தவர் வேறு ஏதோ பேச்சில் சொன்னார். தோல் ஷாப்புகள் பலவும் மூடிவிட்டன. எங்கள் ஆபீஸ் இருந்த கட்டடத்தை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அவன் சொன்ன பள்ளிக்கூட மைதானத்தைத் தேடிப் பார்த்தேன். சுற்றுச்சுவர் எழுப்பி, உள்ளே வரிசையாகப் பள்ளி வேன்கள் நிற்கின்றன. என் பழைய வீட்டிலிருந்து அது இரண்டே தெரு. நான் கூடத்தில் உட்கார்ந்து பொத்தான் அடித்துக்கொண்டிருந்த அதே வேளையில், அவன் அங்கே மஞ்சள் கம்பளிப் பந்தின் பின்னால் ஓடித் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறான். அவன் தோற்றதை நான் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை.